பிளஸ் டூ: கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு

போன மாசம் நாலு நாள் லீவு சேர்ந்தாப்புல கிடைச்சதுன்னு கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். சித்தி வீட்டுல மதியச் சாப்பாடு. சித்தி பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ. போன வருஷம் வரைக்கும் காலைல அஞ்சரைக்கே ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கிட்டு கிரவுண்டுக்கு ஓடுறவ. "என்னடி, மேட்ச் எல்லாம் எப்படிப் போகுது?"ன்னு கேட்டேன். அவ தட்டுலயே கண்ணா இருந்தா. சித்திதான் பதில் சொன்னாங்க.

"பிளஸ் டூல என்ன ராசா விளையாட்டு? அதெல்லாம் பரண்ல ஏத்தியாச்சு. காலேஜ் போயி நல்லா விளையாடட்டும்."

2013 ஜூன்ல எங்க வீட்டுலயும் இதே டயலாக்தான் மக்களே. ஒரு வார்த்தை மாறல. என் மட்டை அன்னிக்குப் பரணுக்குப் போனது, இன்னும் அங்கேயேதான் கிடக்கு. காலேஜ் போய் நான் விளையாடினதெல்லாம் கம்ப்யூட்டர்ல மட்டும் :-(

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம். கோவில்பட்டின்னா கடலைமிட்டாய் (2020-ல் புவிசார் குறியீடு கூட வாங்கிட்டோம்ல!), தீப்பெட்டி, அப்புறம் ஹாக்கி. மத்த ஊர்ல பசங்க தென்னை மட்டையை வெட்டி கிரிக்கெட் ஆடினா, எங்க ஊர்ல வளைஞ்ச குச்சி கண்ணுல பட்டாலே ஹாக்கிதான். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடின மாரீஸ்வரன் சக்திவேல் எங்க ஊர்க்காரர். அப்பேர்ப்பட்ட ஊர்லயே பிளஸ் டூன்னு வந்துட்டா மட்டை பரணுக்குப் போயிடும். இந்தப் பழக்கம் எப்போ ஆரம்பிச்சிருக்கும்?

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில பாயை விரிச்சு பெரிய மாமா, அப்பா, அம்மா, நான்னு உட்கார்ந்திருந்தப்போ இதைக் கேட்டு வெச்சேன். மாமா ஆரம்பிச்சார், பன்னெண்டு மணி வரைக்கும் ஓடுச்சு. திரும்பி வந்து, ஆணி பிடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். ரெண்டையும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

நம்ம ஊர்ல பிளஸ் டூங்கிற வகுப்புக்கு அப்படியொண்ணும் வயசாகல. 1978-ல் வந்ததுதான். அதுக்கு முன்னாடி பதினோராவது வரைக்கும் எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் காலேஜுக்குப் போய் ஒரு வருஷம் பி.யூ.சி., பிறகு டிகிரி. அதுக்கும் முன்னாடி, 1950-களின் நடுப்பகுதி வரைக்கும், இன்டர்மீடியட்னு ரெண்டு வருஷம். ஆக பதினேழு வயசுப் பையன்னா அன்னிக்குக் காலேஜ் மாணவன். பெல்பாட்டம், ஸ்டெப் கட்டிங், கைல ஒரே ஒரு நோட்டு.

மாமா 1978-ல் பத்தாவது முடிச்சவர். தமிழ்நாட்டு பிளஸ் டூவோட முதல் செட்டு. அவருக்கு இன்னும் ஆறாத வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. "எங்களுக்கு முந்தின செட்டு வரைக்கும் பி.யூ.சி. படிக்கக் காலேஜுக்குப் போனாங்கடா. எங்களுக்குப் பாரு, அதே பள்ளிக்கூடம், அதே பிரேயர், அதே பிரம்பு. மீசை முளைச்சவனை வெயில்ல முட்டி போட வெச்சாங்க."

மாமாவோட வயித்தெரிச்சலை விட்டுட்டுப் பார்த்தா அது பெரிய மாற்றம்தான். காலேஜ்னா அன்னிக்குப் பெரிய ஊர்லதான். பஸ்ஸுக்குக் காசு, இல்லைன்னா ஹாஸ்டலுக்குக் காசு, பொண்ணுங்களை அனுப்ப மனசு, இது மூணும் இல்லாத வீட்டுல எஸ்.எஸ்.எல்.சி.யோட கதை முடிஞ்சிடும். மேல்நிலை வகுப்பு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வந்ததால இன்னும் ரெண்டு வருஷம் படிக்கக் கிடைச்ச பிள்ளைங்க ஏராளம். எங்கம்மாவும் அதுல ஒருத்தங்க.

ஆனா இந்த ரெண்டு வருஷத்தைக் கண்டுபிடிச்சவங்க நினைச்சது வேற. 1964-ல இருந்து 66 வரைக்கும் உட்கார்ந்து வேலை பார்த்த கோத்தாரி கமிஷன்தான் 10+2+3-ங்கிற கணக்குக்கு அடித்தளம். அந்தக் கமிஷன் போட்ட கணக்குல, பத்தாவதுக்கு மேல படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் தொழில் படிப்புல இருக்கணும். பாதி! அதாவது பன்னெண்டாவது முடிச்சு வெளிய வரும்போது கைல ஒரு தொழில் இருக்கணும், வேலைக்குப் போறவன் போகட்டும், படிக்கிறவன் படிக்கட்டும்னு ஐடியா.

1978-ல் இதை மறுபடி அலசி ஒரு அறிக்கை வந்துச்சு. 'லேர்னிங் டு டூ'ன்னு பேர். செய்யக் கத்துக்கிறதுன்னு சொல்லலாம். அந்தக் குழுவுக்குத் தலைவர் நம்ம வேலூர்க்காரர், மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோவுல துணைத் தலைமை இயக்குநரா இருந்துட்டு வந்து, சென்னையில எம்.ஐ.டி.எஸ். ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பிச்சு, மெட்ராஸ் யுனிவர்சிட்டி துணைவேந்தராவும் இருந்தவர். பொருளாதாரம் படிக்கிறவங்களைத் தவிர யாருக்கும் அவர் பேரு தெரியாது. எனக்கும் போன மாசம் வரைக்கும் தெரியாது, பொய் சொல்லக்கூடாது.

தமிழ்நாட்டுல பிளஸ் ஒன் ஆரம்பிக்கும்போதே தொழிற்பிரிவும் கூடவே வந்துச்சு. ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப், காமர்ஸ் குரூப்போட ஜெனரல் மெஷினிஸ்ட், ஆபீஸ் செக்ரட்டரிஷிப், அக்கவுண்டன்சி அண்ட் ஆடிட்டிங், நர்சிங், விவசாயம்னு விதவிதமா. மத்த மாநிலங்கள் பல யோசிச்சுக்கிட்டு இருந்தப்பவே நாம இறங்கிட்டோம்.

அதுக்கப்புறம் நடந்தது நம்ம ப்ராஜெக்ட் டெட்லைன் கதை. பாதிப்பேர்னு கனவு கண்ட கணக்கு, 1986 தேசியக் கல்விக் கொள்கையில '1990-க்குள்ள 10 சதவீதம், 1995-க்குள்ள 25 சதவீதம்'னு இறங்குச்சு. 1990 வந்துச்சு, 10 வரல. 1992-ல் கொள்கையைத் திருத்தி '1995-க்குள்ள 10, 2000-க்குள்ள 25'ன்னு தேதியை மட்டும் அஞ்சு வருஷம் தள்ளி வெச்சாங்க. ஸ்கோப் அப்படியே, டேட் மட்டும் மாறும். எங்க டேமேஜர் எங்க ட்ரெயினிங் எடுத்தார்னு இப்பத்தான் புரியுது.

ஏன் யாரும் அந்தப் பக்கம் போகல? எங்கப்பா போனார். ஜெனரல் மெஷினிஸ்ட் குரூப், 1984-ல் பிளஸ் டூ முடிச்சவர். பள்ளிக்கூடத்துப் பட்டறையிலயே லேத்துல ஜாப் மாட்டி, வெர்னியர் பிடிச்சு அளக்கக் கத்துக்கிட்டு, ரிசல்ட் வந்த கையோட கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி ஒரு பட்டறையில சேர்ந்துட்டார். பத்து வருஷம் கழிச்சு ஊருக்குத் திரும்பி சொந்தமா சின்ன லேத் பட்டறை. எங்களை வளர்த்தது, வீடு கட்டினது, என்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சது எல்லாம் அந்த லேத்துதான். அந்த அறிக்கையில யாரை மனசுல வெச்சு எழுதினாங்களோ, அந்த ஆளு எங்கப்பாதான்.

அப்பேர்ப்பட்டவர் நான் பத்தாவது முடிச்சப்போ சொன்னது: "தொழிற்பிரிவு பக்கம் தலை வெச்சும் படுக்காதே."

ஏம்ப்பான்னு இத்தனை வருஷம் கழிச்சு மொட்டை மாடியிலதான் கேட்டேன். அப்பா மாமாவைப் பார்த்து லேசா சிரிச்சுட்டுச் சொன்னார், "பொண்ணு கேட்டுப் போனப்போ உங்க தாத்தா மொதல்ல கேட்டது, மாப்பிள்ளை என்ன குரூப்பு? ஜெனரல் மெஷினிஸ்ட்னு சொன்னதும் மனுசன் காப்பி டம்ளரைக் கீழ வெச்சுட்டார்." மாமா உடனே "அதெல்லாம் இப்ப எதுக்கு மச்சான்?"னு பேச்சை மாத்தினார் :-)

1984-ங்கிற வருஷம் இன்னொரு விதத்துலயும் முக்கியம். எம்.ஜி.ஆர். ஆட்சியில, இன்ஜினியரிங், மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வந்தது அப்போதான். தனியார் சுயநிதி இன்ஜினியரிங் காலேஜுங்களுக்குக் கதவு திறந்ததும் கிட்டத்தட்ட அதே சமயம். அதுவரைக்கும் கிண்டி, கோவை, சேலம், காரைக்குடி, மதுரை, திருச்சின்னு விரல் விட்டு எண்ணலாம். கால்விரலையும் சேர்த்துக்கிட்டா தாராளம். அதனால இன்ஜினியர் ஆகணும்னு ஆசைப்பட்டவங்களே ஊருக்கு ரெண்டு பேர்தான். மத்தவங்களுக்கு பிளஸ் டூவுக்கு அப்புறம் பல வழி இருந்துச்சு, எல்லாம் ஒடுக்கமான வழிதான், ஆனா பல வழி.

மாமா செட்டுல எல்லாரும் பண்ணின முதல் காரியம் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிவு. மூணு வருஷத்துக்கு ஒருக்க அதைப் புதுப்பிக்கணும், மறந்தா சீனியாரிட்டி காலி. ரெண்டாவது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர், முடிஞ்சா ஷார்ட்ஹேண்ட். (இன்ஸ்டிடியூட்டுக்குப் போனது டைப் அடிக்க மட்டுமில்லைன்னு மாமா சொன்னப்போ அத்தை பக்கத்துல இல்ல.) பேங்க் பரீட்சை, ரயில்வே, சர்வீஸ் கமிஷன், மிலிட்டரி செலக்‌ஷன். மாமா நாலாவது தடவை எழுதின சர்வீஸ் கமிஷன்ல பாஸாகி, அரசாங்க ஆபீஸ்ல கிளார்க்கா சேர்ந்து ரிட்டயர் ஆனார்.

பொழுதுபோக்கு? "அதுக்கென்னடா குறைச்சல்" என்றார். கிணத்துல குதிக்கிறது, படிப்பகத்துல ஓசிப் பேப்பர், ரேடியோல இலங்கை வானொலி, ரசிகர் மன்றத்துக்கு பேனர் கட்டுறது, சாயங்காலம் ஆனா கரிசல் மண்ணுல ஹாக்கி. மழை பேஞ்சா பந்தும் மட்டையும் மண்ணுல ஒட்டிக்கும், அன்னிக்கு மட்டும் லீவு. மார்ச் ஏப்ரல்ல பரீட்சை முடிஞ்சா ரிசல்ட் வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் கேட்பாரில்லை.

அம்மாவோட லிஸ்ட் சின்னது. வயர் கூடை பின்னுறது, கோல நோட்டு, வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழிச்சுச் சேர்த்து வெச்சு பைண்டிங் பண்றது. பிளஸ் டூ முடிச்ச மறுவருஷம் கல்யாணம். அதுக்கு மேல என்ன ப்ளான் வெச்சிருந்தீங்கன்னு கேட்டேன். "என்னைய யாரு கேட்டா?"ன்னாங்க. அவ்வளவுதான். அந்தத் தொடர்கதை பைண்டிங்ல ஒண்ணு இன்னும் வீட்டுல இருக்கு, கடைசி அத்தியாயம் மட்டும் இல்லாம.

அரசாங்கம் போட்ட திட்டங்களையே பாருங்க. 1989-ல் ஏழைப் பொண்ணுங்களுக்குன்னு வந்தது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல திருமண உதவித் திட்டம். கல்யாணத்துக்குப் பணம், ஆனா பொண்ணு கொஞ்சமாவது படிச்சிருக்கணும்னு கண்டிஷன். அதே அம்மையார் பேர்ல இருந்த திட்டம்தான் 2022-ல் உருமாறி, அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜுக்குப் போனா மாசம் 1000 ரூபாய்ன்னு ஆச்சு. 'புதுமைப்பெண்'. பசங்களுக்கு 2024-ல் 'தமிழ்ப் புதல்வன்'. பன்னெண்டாவது முடிச்ச பொண்ணுக்கு அடுத்தது என்னங்கிற கேள்விக்கு ஒரு மாநிலம் பதிலை மாத்திக்க 33 வருஷம் ஆகியிருக்கு.

சரி, நுழைவுத் தேர்வுக்கு வருவோம். பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300-க்கு கட்-ஆஃப். மாமாவுக்குக் கிடைச்ச ரெண்டு மாச லீவு இதுல காலி. கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்குச் சட்டையில பேனா மை அடிச்சு விளையாடிட்டு, மறுநாள் காலைல அதே பசங்க மதுரையிலயோ சென்னையிலயோ ரூம் எடுத்து கோச்சிங் கிளாஸ்ல உட்கார்ந்திருப்பாங்க. சீட்டு கிடைக்கலைன்னா ஒரு வருஷம் வீட்டுல இருந்து 'இம்ப்ரூவ்மென்ட்' எழுதுறது வேற. எங்க தெருவுல ஒரு அண்ணன் அப்படி இருந்தார். சொந்தக்காரங்க வந்தா பின்வாசல் வழியா வெளிய போயிடுவார்.

2000-ல் டைடல் பார்க் திறந்தாச்சு, வீட்டுக்கு ஒரு சாஃப்ட்வேர்னு ஆசை பத்திக்கிச்சு. 2010 வாக்குல தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் காலேஜ் எண்ணிக்கை 500-ஐ நெருங்கி, அப்புறம் தாண்டியும் போச்சு. பஸ் ஸ்டாண்டுன்னு நினைச்சுக் கட்டின பிளஸ் டூ பைபாஸ் ரோடா மாறினது இப்படித்தான். எங்க ஊருக்கு ராத்திரி பஸ்ல வந்தவங்களுக்குத் தெரியும், ஊருக்குள்ள வராம பைபாஸ்லயே இறக்கி விட்டுட்டுப் போயிட்டே இருப்பான்.

நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைங்களுக்கு அநியாயம்னு 2005-ல் ஜெயலலிதா அரசு ரத்து பண்ணுச்சு. கோர்ட்டு ஒத்துக்கல. மறுபடி சட்டம், மறுபடி கோர்ட்டு. கடைசியில 2006 டிசம்பர்ல கருணாநிதி அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு 2007 மார்ச்சுல ஜனாதிபதி ஒப்புதல் கிடைச்சு, அந்த வருஷத்துல இருந்து பிளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு ஆச்சு. நியாயமான முடிவுன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். கோச்சிங்குக்கு சென்னையில ரூம் எடுக்க முடியாத பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

ஆனா மார்க் மட்டும்தான்னு ஆனதும் மார்க்குக்குன்னே பள்ளிக்கூடங்கள் பெருகுச்சு. காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஸ்டடி. பதினொண்ணாவது பாடத்தை அப்படியே தாண்டிட்டு, பன்னெண்டாவது பாடத்தையே ரெண்டு வருஷம் ஓட்டின கதையெல்லாம் ஊரறிஞ்சது. அதைத் தடுக்கத்தான் 2017-ல் பதினொண்ணாவதுக்கும் பப்ளிக்னு அறிவிச்சாங்க. 1200 மார்க் 600 ஆனதும் அப்போதான். மாநில முதலிடம்னு லட்டு ஊட்டுற போட்டோவும் அந்த வருஷம் ரிசல்ட்டோட நின்னுச்சு. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்து பதினொண்ணாவது பப்ளிக்கும் போயாச்சு. அதனால சித்தி பொண்ணுக்கு அடுத்த செட்டுக்கு அந்தத் தொல்லை இல்ல.

நான் 1200 மார்க் காலத்து ஆளு. எங்க பி.இ.டி. பீரியட் எல்லாம் கணக்கு வாத்தியார் கணக்குல சேர்ந்துச்சு. (எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்ல மாட்டேன், வாத்தியார் நல்லவர்.) கட்-ஆஃப் 186.5. 2014 ஜூலையில கிண்டி அண்ணா யுனிவர்சிட்டியில கவுன்சலிங், அப்போ நேர்லதான், ஆன்லைன் எல்லாம் 2018-ல இருந்து. ராத்திரி பஸ்ல போய் அப்பாவும் நானும் வரிசையில உட்கார்ந்திருந்தோம். பெரிய ஸ்கிரீன்ல காலேஜ் பேரு, மிச்சம் இருக்கிற சீட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. என் முறை வர்றதுக்குள்ள நினைச்சு வெச்ச ரெண்டு காலேஜ்ல சீட்டு ஜீரோ ஆனது கண்ணு முன்னாடி. மெக்கானிக்கல் எடுத்தேன். அப்பா பட்டறை பார்த்து வளர்ந்தவன்கிறதால இல்ல, அந்த நிமிஷத்துல மிச்சம் இருந்தது அதுதான்.

நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு லீவுல ஒருநாள் பட்டறைக்குப் போனேன். அப்பா ஒரு ஜாப்பைக் கையில குடுத்து "சக்குல மாட்டி சென்டர் பாருப்பா" என்றார். கால் மணி நேரம் திருகினேன். ஆடிக்கிட்டே சுத்துச்சு. அப்பா ஒண்ணும் சொல்லாம வாங்கி, ரெண்டு தட்டு தட்டினார், நின்னுச்சு. அவர் அதைக் கத்துக்கிட்டது பதினாறு வயசுல, ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்துல. மூணு மாசம் கழிச்சு நான் சாஃப்ட்வேர்ல சேர்ந்துட்டேன்.

மருத்துவத்துக்கு 2017-ல் நீட் வந்தது, 1176 மார்க் வாங்கியும் சீட்டு கிடைக்காம அந்த செப்டம்பர் 1-ஆம் தேதி அரியலூர் அனிதா இறந்துபோனது, 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதுல எழுத எனக்கு மனசு வரல. 2021 கொரோனா செட்டுக்குப் பரீட்சையே இல்லாம, பத்தாவது மார்க்குல இருந்து 50, பதினொண்ணுல இருந்து 20, பன்னெண்டாவது ப்ராக்டிக்கல், இன்டர்னல்ல இருந்து 30 சதவீதம்னு கூட்டிப் போட்டாங்க. அந்த செட்டுப் பசங்க ஆட்டோகிராப் கூட வாட்ஸப்லதான் வாங்கினாங்க.

பேச்சு முடியுற நேரத்துல அப்பாகிட்ட இன்னொண்ணு கேட்டேன். "நீங்களா இஷ்டப்பட்டுத்தான் மெஷினிஸ்ட் குரூப் எடுத்தீங்களா?"

"பத்தாவதுல கணக்குல 87. ஃபர்ஸ்ட் குரூப் கேட்டேன். சீட்டு முடிஞ்சுருச்சுன்னாங்க. மிச்சம் இருந்தது அதுதான்."

எனக்குக் கவுன்சலிங் ஸ்கிரீன் ஞாபகம் வந்துச்சு. அவர்கிட்ட சொல்லல.

மறுநாள் காலைல பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சித்தி பொண்ணு வாசல் வரைக்கும் வந்தா. மெதுவா, "அண்ணே, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு எந்தெந்த வருஷ சர்டிபிகேட் எல்லாம் பார்ப்பாங்க?" பார்த்துச் சொல்றேன்னேன். "அம்மாவுக்கு வேணாம், எனக்கு மட்டும் அனுப்புங்க." வந்த அன்னிக்கே அந்த விதிகளைத் தேடி எடுத்து அனுப்பிட்டேன். அனுப்பின கையோட சித்திக்கும் ஒரு போன் போட்டு, ஞாயித்துக்கிழமை ஒருநாளாவது கிரவுண்டுக்கு விடுங்கன்னு கேட்டுப் பார்த்தேன். "யோசிப்போம் ராசா"ன்னு வெச்சுட்டாங்க.

நீங்க எல்லாம் எந்த செட்டு, என்ன குரூப்பு, பரண்ல என்னத்தை ஏத்துனீங்க? பின்னூட்டத்துல கொட்டுங்க. தொழிற்பிரிவு ஆளுங்க யாராவது இருந்தா கட்டாயம் சொல்லிட்டுப் போங்க, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்.

டிஸ்கி: மாமாவுக்கு இந்தப் பதிவோட லிங்க்கை அனுப்பப் போறதில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மேட்டர் அத்தைக்குத் தெரிஞ்சா நான் பொறுப்பில்ல.